எதைவிட, எவரைவிட? – ஆங்கில ஒப்பீட்டு வினையடைகள் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு பொருளின் தன்மையை அறிவதற்கு மனிதன் கையாளும் வழிகளுள் மிகப் பழையது, அதனை இன்னொரு பொருளோடு வைத்து நோக்குதலாகும். நெட்டை, குட்டை என்பனவும் விரைவு, தாமதம் என்பனவும் தனித்து நின்று நிறைந்த பொருள் தருவன அல்ல. மற்றொன்று அருகில் வந்த பின்னரே அவற்றுக்கு அளவு பிறக்கின்றது. இவ்வாறு ஒப்பிட்டுரைக்கும் முறை மொழிக்கு மொழி வேறுபடும். அவ்வேறுபாட்டை ஊன்றி நோக்காது பிறமொழியில் எழுதப் புகுவோர் சொல்லிலே வழுவுவதோடமையாது, சில வேளைகளிற் பொருளிலும் வழுவிவிடுகின்றனர்.

தமிழிலே ‘நாதன் வேகமாக ஓடினான்’ என்கிறோம். இதனையே ஒப்பிட்டுச் சொல்ல விரும்பினால் ‘நாதன் செல்வனைவிட வேகமாக ஓடினான்’ என்கிறோம். ‘வேகமாக’ என்னும் வினையடை இரண்டு வாக்கியங்களிலும் ஒரே வடிவினதாய் நிற்கின்றது. மாற்றம் அடைந்தது செல்வன் என்னும் பெயரே. அது ஐயுருபையும் ‘விட’ என்னும் சொல்லுருபையும் ஏற்றது. பண்டை வழக்கில் இப்பணியை ஐந்தாம் வேற்றுமை செய்தது. அவ்வேற்றுமைக்கு நன்னூலார் கூறும் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் நான்கு பொருள்களை நம் மாணாக்கர் நன்கறிவர். பழைய உருபாயினும் புதிய சொல்லுருபாயினும் அதனை ஏற்பது, எதனோடு ஒப்பிடுகிறோமோ அதன் பெயரேயாகும்.

ஆங்கிலத்தின் போக்கு இதற்கு மாறானது. அங்கே ஒப்பீட்டின் அடையாளம் வினையடையின் மேலேயே விழுகின்றது. ‘பாஸ்ற்’ என்பது வேகமாக. ‘பாஸ்ரர்’ என்பது ஒன்றைவிட வேகமாக. எதைவிட என்பது பின்னர் ‘தன்’ என்னும் இடைச்சொல்லோடு வரும், வராமலும் போகலாம். வராதொழிந்தாலும் வாக்கியம் இலக்கணத்தில் முடம்படுவதில்லை. நாமும் ‘இன்னும் வேகமாக’ என்று சொல்வதுண்டு. ஆயினும் நம் வழக்கில் ஒப்பீட்டின் பெரும்பாரத்தைச் சுமப்பது ஒப்பிடப்பட்ட பெயர். ஆங்கிலத்தில் அதனைச் சுமப்பது வினையடை. சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டினின்றே நாம் ஈண்டு ஆராயப்போகும் இடர்ப்பாடுகள் பலவும் கிளைக்கின்றன.

இரு வடிவங்கள்

ஆங்கில வினையடைகள் ஒப்பீட்டு நிலையை அடையும் வழிகள் இரண்டு. ஒன்று, ‘அர்’ என ஒலிக்கும் விகுதியை இறுதியிற் சேர்த்தல். மற்றது, ‘மோர்’ என்னும் சொல்லை முன்னே வைத்தல். பள்ளிக்கூட இலக்கணம் இதற்கு எளியதொரு விதியை வகுத்துள்ளது. பெயரடையும் வினையடையும் ஒரே வடிவினவாய் உள்ள குறுஞ்சொற்கள் விகுதி பெறும். ‘ஹாட்’ (கடுமையாக), ‘ஹாடர்’ என்றாகும். ‘சூன்’ (விரைவில்), ‘சூனர்’ என்றாகும். ‘ஏர்லி’ (நேரத்தோடு), ‘ஏர்லியர்’ என்றாகும். ‘லி’ விகுதி பெற்றுப் பெயரடையினின்றும் பிறந்த வினையடைகளோ ‘மோர்’ பெறும். ‘கெயார்புல்லி’ (கவனமாக) என்பது ‘மோர் கெயார்புல்லி’ என்றாகும்.

இவ்விரு வகுப்பிலும் அடங்காதவை சில உள. ‘வெல்’ (நன்றாக) என்பதற்கு ஒப்பீட்டு வடிவம் ‘பெற்றர்’. ‘பாட்லி’ (மோசமாக) என்பதற்கு ‘வேர்ஸ்’. ‘லிற்றில்’ (சிறிதளவு) என்பதற்கு ‘லெஸ்’. இவற்றில் இயல்பு நிலைச் சொல்லும் ஒப்பீட்டுச் சொல்லும் ஒரே வேரினின்று எழுந்தவை அல்ல. தனித்தனியே வளர்ந்த சொற்கள் காலப்போக்கில் ஒரு குடும்பமாய் வாழத் தொடங்கின.

விதி இவ்வளவே. இதனை மனனஞ் செய்த மாணாக்கன் பரீட்சையிற் சித்தியடைவான். ஆனால் ஆங்கில நூல்களைப் படிக்கப் புகுந்ததும் அவனுக்கு ஐயம் பிறக்கின்றது. நல்ல எழுத்தாளர்களே ‘மோர் ஸ்லோலி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஸ்லோவர்’ என்று எழுதியிருப்பதைக் காண்கிறான். சொல்வது எளிது, செய்வது அரிது என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரில் ‘மோர் ஈஸிலி’ என்பதற்குப் பதிலாக ‘ஈஸியர்’ என்றே நிற்கின்றது. இவை பிழைகளா? அன்றி, விதிதான் குறையுடையதா? விடை காண்பதற்கு ஆங்கில மொழியின் பழைய நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

காலம் விளைத்த மாற்றம்

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்திலே பெயரடைக்கும் வினையடைக்கும் இடையே தெளிவான வேறுபாடு இருந்தது. பெயரடையின் இறுதியில் எகரம் சேர்ந்தால் அது வினையடையாகும். ‘ஹேர்ட்’ என்பது கடுமையான. ‘ஹேர்டெ’ என்பது கடுமையாக. ஒப்பீட்டு நிலையிலும் அவ்வேறுபாடு தொடர்ந்தது. பெயரடை ‘ரா’ என்னும் விகுதியையும், வினையடை ‘ஓர்’ என்னும் விகுதியையும் பெற்றன. ஆகவே கேட்ட மாத்திரத்திலே இது பெயரைச் சார்ந்தது, இது வினையைச் சார்ந்தது என்று பிரித்தறிய முடிந்தது.

பின்வந்த நூற்றாண்டுகளில் ஆங்கிலச் சொற்களின் ஈற்றெழுத்துக்கள் தேய்ந்தன. வினையடையைக் காட்டிய எகரம் ஒலியிழந்தது. ‘ரா’வும் ‘ஓர்’உம் ஒரே ‘அர்’ ஆக மழுங்கின. இதன் விளைவாகக் ‘கடுமையான’, ‘கடுமையாக’ என்னும் இருபொருளுக்கும் ‘ஹாட்’ என்னும் ஒரே சொல் எஞ்சியது. இக்காலத்து இலக்கண நூல்கள் சில வினையடைகளை விகுதியில்லாதவை என்று குறிப்பதைக் காண்கிறோம். அவை விகுதியை இழந்தவை என்பதே வரலாற்றுக்குப் பொருந்துவதாகும். ‘ஸ்லோ’ என்பதை வினையடையாக எழுதுபவன் இலக்கணத்தைச் சிதைத்தவன் அல்லன். பழைய வினையடையை, அது எகரத்தை இழந்த கோலத்தில் வழங்குபவன்.

மற்றொரு வினையடை வகைக்கு உரிய ‘லி’ விகுதியின் வரலாறும் சுவையானது. அது உடல் அல்லது உருவம் என்னும் பொருளுடைய ஒரு பழஞ்சொல்லினின்றும் பிறந்தது. முதலில் இன்ன உருவமுடைய என்று பொருள்பட்டுப் பெயரடைகளை ஆக்கிய அவ்விகுதி, எகரம் சேர்ந்து வினையடைகளையும் ஆக்கிற்று. ஈற்று எகரங்கள் மறைந்த பின், வினையடையைத் தெளிவாகக் காட்டவல்ல அடையாளமாக இதுவே நின்றமையால் இதன் ஆட்சி பெருகிற்று. ஆயினும் எல்லா இடங்களிலும் அது பழைய சொல்லை வென்றுவிடவில்லை. ‘ஹாட்’ என்பதோடு ‘லி’ சேர்ந்த ‘ஹாட்லி’ இன்று ‘அரிதாகவே’, ‘இல்லையென்னும்படி’ என்று பொருள்தரும். கடுமையாக உழைத்தான் என்று எழுத நினைத்து ‘ஹாட்லி’ என்று எழுதும் மாணாக்கன், உழைக்கவேயில்லை என்று எழுதிவிடுகிறான்.

‘மோர்’ என்னும் சொல்லை முன்வைக்கும் வழக்கம் மத்திய ஆங்கிலக் காலத்திலே பரவத் தொடங்கியது. நெடுங்காலம் இரு முறைகளும் ஒன்றோடொன்று கலந்தே வழங்கின. சேக்ஸ்பியரின் ‘கொரியோலேனஸ்’ நாடகத்திலே ‘லி’ விகுதியின் மேல் ‘அர்’ விகுதியும் ஏறிய ‘பிரீலியர்’ என்னும் வினையடையைக் காண்கிறோம். அதே நாடகத்தில் ‘மோர்’ என்பதும் ‘அர்’ என்பதும் ஒரே சொல்லின் முன்னும் பின்னும் சேர்ந்து வரும் இரட்டை ஒப்பீடும் உண்டு. இன்று நம் மாணாக்கன் ‘மோர் பாஸ்ரர்’ என்று எழுதினால் அது பிழை. அதனை மறுப்பார் இலர். ஆனால் அறியாமையினாலன்றி அறிவின் உச்சியிலிருந்தே ஒரு காலத்தில் அவ்வாறு எழுதினார்கள் என்பதையும் ஆசிரியர் மறத்தலாகாது.

இவ்வழக்குகளைச் சீர்செய்ய முற்பட்டோர் 18ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள். பிற்காலத்தில் இலண்டன் மேற்றிராணியாராய் விளங்கிய றொபேட் லௌத் 1762இல் ஆங்கில இலக்கணச் சுருக்கமொன்றை வெளியிட்டார். இரட்டை ஒப்பீடு தகாது என்று விலக்கியவர் அவர். பெயரடை வடிவத்தை வினையடையாக வழங்குவதும் ஆங்கிலத்தின் இயல்புக்கு ஏலாது என்றார். அவர் வழிநின்று லிண்ட்லி மறே 1795இல் எழுதிய இலக்கணம், 19ஆம் நூற்றாண்டில் எண்ணற்ற பதிப்புக்களைக் கண்டு பள்ளிக்கூடங்களை ஆட்கொண்டது. ‘ஸ்லோவர்’ என்பதைக் கண்டவுடன் கோடிழுக்கும் வழக்கம் இம்மரபின் எச்சமாகும்.

ஆனால் இம்மரபை ஆங்கிலேயருள்ளும் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1926இல் வெளியான தமது வழக்ககராதியிலே பௌலர் என்னும் அறிஞர், வினையடை என்றால் ‘லி’ ஒட்டியே ஆகவேண்டும் என்னும் கொள்கையைக் கண்டித்தார். மெதுவாக என்பதன் ஒப்பீட்டு நிலைக்கு ‘மோர் ஸ்லோலி’ என்பதிலும் ‘ஸ்லோவர்’ என்பதே பெரும்பாலும் ஏற்புடைத்து என்பது அவர் கருத்து. பள்ளிக்கூடம் தள்ளியதை வழக்கறிந்த புலவர் தழுவினார். இன்றும் மிகுந்த சம்பிரதாயமான எழுத்திலே ‘மோர் ஸ்லோலி’, ‘மோர் குவிக்லி’ என்பனவே பெரிதும் விரும்பப்படுகின்றன. மாணாக்கனுக்கு அதனைச் சொல்லிக் கொடுத்தல் தகும். ஆனால் அது இடத்துக்கேற்ற உடை பற்றிய அறிவுரை. உண்மைக்கும் பொய்க்கும் இடையிலுள்ள எல்லை அன்று.

மறைந்து நிற்கும் ஒப்பீடுகள்

ஒப்பீட்டு வினையடை என்று தோன்றாமலே ஆங்கிலத்தில் நடமாடும் சொற்கள் சில உள. ‘றாதர்’ என்னும் சொல்லை நாள்தோறும் எதிர்ப்படுகிறோம். ஒன்றைவிட இன்னொன்றை விரும்புவதை அது குறிக்கும். விரைவாக, வேளையோடு என்னும் பொருளுடைய ‘றெய்த்’ என்ற பழைய சொல்லின் ஒப்பீட்டு வடிவமே அது. 1638இல் வெளியான ‘லிசிடஸ்’ என்னும் இரங்கற்பாவிலே மில்டன், பருவத்தின் முன்னே மலரும் பூவொன்றுக்கு அம்மூலச் சொல்லை அடையாக்கினார். பின்னர் மூலம் வழக்கொழிந்தது. ஒப்பீட்டு வடிவம் மாத்திரம் பிழைத்துக்கொண்டது. முந்திச் செய்ய நினைப்பதையே மனிதன் விரும்புகிறான் ஆதலின், காலத்தைக் குறித்த சொல் விருப்பத்தைக் குறிக்கலாயிற்று. ‘சூனர்’ என்னும் சொல்லும் அவ்வழியே சென்றுள்ளது. இரந்துண்பதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று நாம் சொல்லும்போது இடத்தைக் குறித்த சொல் விருப்பத்துக்கு வந்துள்ளதையும் இதனோடு ஒப்புநோக்கலாம்.

அருகில் என்னும் பொருளுடைய ‘நியர்’ என்பதும் பிறப்பால் ஓர் ஒப்பீட்டு வடிவமே. அதன் இயல்பு நிலை ‘நை’. உச்ச நிலை ‘நெக்ஸ்ற்’. ஒப்பீட்டுச் சொல் என்பது மறந்துபோனமையால் அதன்மேல் மீண்டும் ‘அர்’ விகுதியேற்றி ‘நியரர்’ என்று வழங்கினர். இரட்டை ஒப்பீட்டை விலக்கிய இலக்கணிகளும் இதனை மறுப்பின்றி எழுதி வந்தனர்.

இவற்றினும் வியப்புக்குரியது, ‘த சூனர், த பெற்றர்’ என்னும் தொடரிலுள்ள ‘த’ ஆகும். எவ்வளவுக்கு விரைவோ அவ்வளவுக்கு நன்று என்பது இதன் பொருள். இங்கே நிற்பது பெயர்க்கு முன்வரும் சுட்டு அன்று. பழைய ஆங்கிலத்தில் ‘அதனால்’, ‘அவ்வளவால்’ என்று பொருள்தந்த கருவி வேற்றுமை வடிவமொன்றின் எச்சம் அது. நம் மூன்றாம் வேற்றுமை செய்யும் தொழிலையே அது செய்தது. ‘நெவர்தலெஸ்’ என்னும் சொல்லின் நடுவே நிற்பதும் அதுவே. வேற்றுமை உருபுகளை அறிந்த தமிழ் மாணாக்கனுக்கு இத்தொடரை விளக்குவது ஆசிரியர்க்குக் கடினமாகாது.

‘தன்’ என்னும் சொல்

ஒப்பீட்டின் மறுபாதியைக் கொண்டுவரும் ‘தன்’ என்னும் சொல்லும், பிறகு என்னும் பொருளுடைய ‘தென்’ என்னும் சொல்லும் ஒரே சொல்லினின்றும் பிரிந்தவை. 17ஆம் நூற்றாண்டின் இறுதி வரையில் அவற்றின் எழுத்துக்கூட்டல் முற்றாக வேறுபடவில்லை. ‘நோ சூனர்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் இரண்டாம் பகுதி ‘வென்’ என்பதால் தொடங்கலாகாது, ‘தன்’ என்பதாலேயே தொடங்கவேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவர். காரணம் கூறப்படாத விதி மாணாக்கன் நெஞ்சில் நில்லாது. ‘சூனர்’ என்பது ஒப்பீட்டு வடிவம். ஒப்பீட்டு வடிவம் ‘தன்’ என்பதை அவாவும். காரணம் இதுவே. அறிந்தவன் பின்னர் மறவான்.

‘தன்’ என்பதன் பின்னர் வரும் சொல்லிலே பொருள் முழுதும் தங்கியிருக்கக்கூடும். ‘தங்கை தம்பியை என்னைவிட நம்புகிறாள்’ என்னும் தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். நான் தம்பியை நம்புவதிலும் அவள் மிகுதியாக நம்புகிறாள் என்றும் கொள்ளலாம். அவள் என்னை நம்புவதிலும் தம்பியை மிகுதியாக நம்புகிறாள் என்றும் கொள்ளலாம். ‘என்னைவிட’ என்பது இரண்டுக்கும் பொதுவாய் நிற்கின்றது. சம்பிரதாயமான ஆங்கில எழுத்திலே ‘தன்’ என்பதன் பின் எழுவாய் வடிவம் வந்தால் முதற்பொருளும், செயப்படுபொருள் வடிவம் வந்தால் இரண்டாம் பொருளும் தோன்றும். ஆனால் பேச்சு வழக்கு இவ்வேறுபாட்டைப் பேணுவதில்லை. பெயர்ச்சொல் வருமிடத்து வடிவ வேறுபாடும் இல்லை. ஆகவே வினையை மீண்டும் எழுதி, நான் நம்புவதைவிட என்றோ, என்னை நம்புவதைவிட என்றோ விளங்கவைத்தலே நல்லெழுத்தாளர் கண்ட வழி.

இன்னுமொரு நுட்பம் உண்டு. ‘நாதன் தன் வகுப்பிலுள்ள எந்த மாணவனையும்விட வேகமாக ஓடுகிறான்’ என்றால், நாதனும் அவ்வகுப்பு மாணவனே ஆதலின் தன்னைவிடத் தானே வேகமாக ஓடுகிறான் என்னும் விபரீதம் விளைகின்றது. ஆகவேதான் ஆங்கில ஆசிரியர்கள் ‘மற்றெந்த’ என்னும் பொருள்தரும் ‘அதர்’ என்னும் சொல்லைச் சேர்க்கச் சொல்கின்றனர். இது வெறும் இலக்கணப் பிடிவாதமன்று, தருக்கம்.

சொல்லாமல் விட்ட பாதி

இனி, நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட இடத்துக்கு வருவோம். ஆங்கில ஒப்பீட்டு வினையடை தன்னுள்ளேயே ஒப்பீட்டைச் சுமப்பதால், மறுபாதியைச் சொல்லாமலே எழுதிவிட முடிகின்றது. இது சிலவேளை அழகாகும். 1894இல் பியர் டி கூபேர்ட்டின் முன்மொழிய ஒலிம்பிக் இயக்கம் ஏற்றுக்கொண்ட இலத்தீன் விருதுமொழி மூன்று ஒப்பீட்டு வினையடைகளால் ஆனது: ‘சிட்டியுஸ், அல்டியுஸ், போர்டியுஸ்’. இன்னும் விரைவாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக என்பது பொருள். எவரைவிட என்று அது கூறவில்லை. கூறாமையே அதன் பெருமை. போட்டியாளனைவிட என்றும் கொள்ளலாம், நேற்றைய தன்னைவிட என்றும் கொள்ளலாம். 2021இல் ‘ஒன்றாக’ என்னும் சொல்லும் அதனோடு சேர்க்கப்பட்டது. அது ஒப்பீடு அன்று.

விருதுமொழிக்கு அழகாவது விளம்பரத்திற் சூழ்ச்சியாகிவிடும். ஒரு சவர்க்காரம் துணியை மேலும் வெண்மையாக வெளுக்கும் என்றும், ஒரு மின்கலம் மேலும் நீண்டநேரம் உழைக்கும் என்றும் எழுதப்படுகின்றன. எதைவிட? மற்றைய சவர்க்காரங்களையா, அதே சவர்க்காரத்தின் பழைய கட்டியையா, வெறும் நீரையா? வாக்கியம் பொய் சொல்லவில்லை. ஏனெனில் அது எதையுமே முற்றாகச் சொல்லவில்லை. அறிக்கைகளிலும் இக்குறை உண்டு. ஒரு திணைக்களம் இப்போது மேலும் திறம்பட இயங்குகிறது என்று எழுதுவோர், எக்காலத்திலும் எவ்வளவு திறம்பட என்று கூறுவதில்லை.

இவ்விடர்ப்பாடு நம் அடுக்களை வரைக்கும் வருவதுண்டு. 2022 செப்ரெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி நம் நாட்டின் ஆண்டுப் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக இருந்தது. 2023 யூலையில் அது நூற்றுக்கு 6.3 ஆயிற்று. விலைகள் முன்னையிலும் மெதுவாக ஏறின என்பதே இதன் பொருள். ‘மோர் ஸ்லோலி’ என்னும் வினையடை ஏற்றத்தின் வேகத்தை ஒப்பிடுகிறதேயன்றி, விலை இறங்கியது என்று ஒருபோதும் சொல்லவில்லை. 100 ரூபாவுக்கு விற்ற பண்டமொன்று ஓராண்டில் 170 ரூபாவாகி, மறு ஆண்டில் நூற்றுக்கு 6 மாத்திரம் ஏறினால், அதன் விலை 180 ரூபாவாகும். 100 ரூபாவுக்குத் திரும்பாது. வினையடை எதனைத் தழுவுகிறது, எதனோடு எதனை ஒப்பிடுகிறது என்று பார்க்கத் தெரியாதவர், பணவீக்கம் குறைந்தது என்னும் செய்தியைப் படித்துவிட்டுச் சந்தைக்குச் சென்று மயங்குவர். செய்தி பொய்யன்று, படித்த முறையே குறையுடையது.

திருத்துவோர் கவனத்துக்கு

ஆசிரியர்கள் மாணாக்கரின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒப்பீட்டு வினையடைகளின் வடிவத்தையே பெரிதும் நோக்குகின்றனர். ‘மோர் பாஸ்ரர்’ என்பதற்குச் சிவப்புக்கோடு விழுகின்றது, விழவேண்டியதே. ‘ஸ்லோவர்’ என்பதற்கும் சிலவேளை விழுகின்றது. ஆனால் ‘இக்காலத்து இளைஞர் மேலும் சோம்பலாக வாழ்கின்றனர்’ என்று இலக்கணப் பிழையின்றி எழுதிய வாக்கியத்தின் அருகே, எக்காலத்து இளைஞரைவிட என்று ஒரு கேள்விக்குறி விழுவதில்லை. வடிவம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியதை மேலே கண்டோம். சேக்ஸ்பியர் எழுதியதை லௌத் விலக்கினார். லௌத் விலக்கியவற்றுள் ஒன்றைப் பௌலர் மீண்டும் வரவேற்றார். எதனை எதனோடு எவ்வகையில் ஒப்பிடுகிறோம் என்று சொல்லவேண்டிய கடமையோ எக்காலத்திலும் மாறவில்லை.

ஆதலின் ஒப்பீட்டு வினையடை வருமிடமெல்லாம் மாணாக்கன் மூன்று கேள்விகளைத் தன்னையே கேட்கப் பழகுதல் நலம். இது எந்த வினையைத் தழுவுகின்றது? எதனோடு ஒப்பிடப்படுகின்றது? அதனை வாசகன் வாக்கியத்தினின்றோ அதன் சூழலினின்றோ தானே அறிந்துகொள்வானா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் விகுதியா, ‘மோர்’ என்னும் சொல்லா என்பதை இலக்கண நூலைப் பார்த்தும் தீர்த்துக்கொள்ளலாம்.

இப்பயிற்சியிலே தமிழ் மாணாக்கனுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. ஒப்பிடப்படும் பொருளைப் பெயர் சொல்லி, உருபு கொடுத்து, வாக்கியத்துக்குள்ளே கொண்டுவந்து நிறுத்துவது அவன் தாய்மொழியின் இயல்பான வழக்கு. ஆங்கிலம் எழுதும்போது அவ்வழக்கைக் கைவிடவேண்டியதில்லை. தன் ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை தமிழில் நினைத்துப் பார்த்து, ‘விட’ என்னும் சொல்லுக்கு முன்னே வைக்க ஒரு பெயர் உண்டா என்று தேடுவானாயின், குறை எங்கே உள்ளது என்பது அவனுக்கே புலப்படும்.